வாய்க்கட்டுத் தகடு

ஈயத் தகடு வழுவழுப்பான கல்லின் மேல் கிடந்தது. இடது கைக் கட்டைவிரல் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை எழுத்தாணியைச் சற்றே சாய்த்துப் பிடித்து எழுதிக்கொண்டு போயிற்று. ஈயம் மென்மையானது. அதிகம் அழுத்தினால் தகடு கிழியும். அழுத்தம் குறைந்தால் கீறல் பதியாது. ஒரு வரி முடிந்ததும் கை நின்று, எழுத்தோரம் எழும்பிய பிசிறை நகத்தால் வழித்து, பக்கத்திலிருந்த சட்டியில் தட்டியது. பிசிறைக்கூட வீணாக்குவதில்லை. தகட்டில் விழுந்த வரிகள் இவை: நாக்கைக் கட்டு. பல்லைக் கட்டு. மூச்சோடு மேலே வரும் சொல்லைக் கட்டு. அவள் சொல்வதைக் கேட்கிறவர்களின் காதைக் கட்டு. அடுத்த வரியில் மார்த்தானா என்ற பெயர் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு பெயர் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கை அங்கே நின்றுவிட்டது.

தாயின் பெயர் தெரியவில்லை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஒனாசிலா. ரோமர்கள் ஆண்ட ஒரு தீவில், அமத்தூஸ் துறைமுகத்துக்குப் பின்னால், மேற்கு வாசலை ஒட்டிய சந்தில், செய்வினைத் தகடு எழுதிப் பிழைத்தவள். அவளுடைய அப்பா கல்லறைக் கல் செதுக்கியவர். செத்தவர்களின் பெயர்களைச் சுண்ணத்தால் கல்லில் வரைந்து கொடுப்பது சிறு வயதில் அவள் வேலை. எழுத்து அப்படி வந்தது. அப்பா போன பிறகு கல் வேலை கைவிட்டுப் போயிற்று, எழுத்து மட்டும் நின்றது. வழக்காடுகிறவன் எதிராளியின் நாக்கைக் கட்டக் கேட்டான். மாலுமியின் மனைவி, புருஷன் போகும் வீட்டுக்காரியின் இடுப்பைக் கட்டக் கேட்டாள். ஒனாசிலா எழுதிச் சுருட்டி ஆணி அடித்துக் கொடுத்தாள். காலம் வருமுன் செத்தவர்களின் குழியில் அதைப் போட வேண்டும். கொலையுண்டவன், தூக்கில் போடப்பட்டவன், பிரசவத்தில் போனவள், இவர்கள்தான் தூது போவார்கள். வயதாகிச் செத்தவன் தூங்கிவிடுவான். அவனை எழுப்ப முடியாது.

தகட்டில் அப்பன் பெயர் எழுதுவதில்லை. அப்பன் யார் என்பது ஊர் சொல்லும் பேச்சு. அம்மா யார் என்பதில்தான் மண்ணுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வராது. இதனாலேயே அந்தச் சந்தில் யாரும் தன் தாயின் பெயரை வெளியே சொல்வதில்லை. பெண்கள் ஒருவர் தாயை ஒருவர் 'நெட்டை', 'பல்லி', 'வினிகர்க்காரி' என்று பட்டப்பெயரால்தான் சொல்வார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள் தெரியாத்தனமாக அம்மா பெயரைச் சொல்லிவிட்டால், மாமியார் அவள் வாயைப் பொத்துவாள்.

தீமோ தன் தாயின் பெயரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். அந்த ஒருத்தி ஒனாசிலா.

தீமோ பட்டறையின் இன்னொரு பாதி. செம்புச் சுரங்கத்து அடிமைக்குப் பிறந்து, விடுதலை வாங்கி வந்தவள். ஈயத்தை உருக்கி, மணல் படுக்கையில் ஊற்றி, ஆறியதும் தட்டித் தகடாக்குவது அவள் வேலை. அவள் தட்டினால் தகடு ஒரே கனமாக வரும். ஒனாசிலா எழுதுவாள், தீமோ ஊற்றுவாள்; மத்தியானம் வாற்கோதுமை ரொட்டியும் ஆலிவும் ஒரே தட்டில் தின்பார்கள். ஒனாசிலா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், பட்டறையில் ஏற்கெனவே ஒருத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வாள். அது வேடிக்கைப் பேச்சு. வேடிக்கை மட்டும்தானா என்று அவளே யோசித்ததில்லை.

மார்த்தானா வந்த பிறகுதான் யோசிக்க வேண்டி வந்தது.

அவள் சிரியாவின் அந்தியோகியாவிலிருந்து கப்பலேறி வந்த விதவை. சாயக்காரத் தெருவில் கம்பளி சிக்கெடுத்துப் பிழைத்தாள். கை வேலையிலிருக்க, வாய் பேசிக்கொண்டே இருக்கும். ரோமர்கள் சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரைக் கடவுள் எழுப்பிவிட்டார் என்றும், இனி எந்தப் பேய்க்கும் எந்த நட்சத்திரத்துக்கும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். தீமோ ஒருநாள் சாயக்காரத் தெருவுக்குக் கரி வாங்கப் போனாள். கரியோடு திரும்பி வந்தாள். அடுத்த வாரம் கரி தேவைப்படாமலே போனாள். பிறகு ஒருநாள் ஈயக் கரண்டியைக் கழுவி, ஆணியில் மாட்டி, இனித் தகடு ஊற்ற மாட்டேன் என்று சொன்னாள்.

"என்னடி குறை உனக்கு இங்க?" என்று ஒனாசிலா கேட்டாள்.

"குறை ஒண்ணுமில்லடி. நீ என்னை நல்லாத்தான் வச்சிருந்த. ஆனா அக்கா சொல்றது சரின்னு படுது."

அக்கா. ஒனாசிலாவை அவள் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. இவள் பெரியவள், இருந்தாலும் வாடி போடிதான். அதை நெருக்கம் என்று நினைத்திருந்தாள் ஒனாசிலா. இப்போது அதே வாடி போடி, மரியாதை தரத் தகுதியில்லாதவளுக்குக் கொடுத்த மிச்சம் போலத் தோன்றியது. அன்றிலிருந்து தகட்டைத் தானே தட்டினாள். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. ஒவ்வொரு தகட்டிலும் அந்தக் கோணலைப் பார்த்தாள். கோணல் மார்த்தானாவின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

தீர்க்கதரிசி எர்மியாஸ் பட்டறைக்கு வந்தது இந்தச் சமயத்தில்தான். அவன் புதியவன் இல்லை. பல ஆண்டுகளாகச் சந்தை நீரூற்றுப் படியில் நின்று அருள்வாக்குச் சொல்கிறவன். வெள்ளை லினன் உடுத்தி, கண்ணைச் செருகிக்கொண்டு, கூட்டத்தில் ஒருத்தியைக் காட்டி, உன் வீட்டுக் களவுக்குக் காரணம் உன் கொழுந்தன் என்பான். அவள் நடுங்குவாள். அவளுக்குத் தெரியாதது என்னவென்றால், கொழுந்தன் மேல் சந்தேகப்பட்டு அவள் தகடு எழுதக் கொடுத்த சேதி, ஒனாசிலா மூலம் முந்திய நாளே எர்மியாஸின் காதுக்குப் போயிருந்தது. பதிலுக்கு அவன் ஆட்களை அவளிடம் அனுப்பினான். இதில் ஒனாசிலா பெரிய தப்பைப் பார்க்கவில்லை. மருத்துவச்சியும் வாசனைத் தைலக்காரியும் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்புவதில்லையா?

மார்த்தானா பேசத் தொடங்கியதிலிருந்து எர்மியாஸின் முன்னால் நின்ற கூட்டம் மெலிந்துகொண்டிருந்தது. இளம் வயதில் செத்த தெய்வம் அதோனிஸுக்குப் பெண்கள் ஒப்பாரி வைக்கும் திருநாளின் கடைசி நாளுக்குள் அந்த சிரியாக்காரியின் வாய் கட்டிப்போகும் என்று அவன் சந்தையில் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"நான் சொன்னா நடக்கணும். நடத்தி வைக்கறது உன் கை. நல்ல வாய்க்கட்டா எழுதும்மா."

"கூலி வேண்டாம் சாமி," என்றாள் ஒனாசிலா. வாழ்நாளில் முதல்முறையாக அப்படிச் சொன்னாள்.

கடைசி நாளில் பெண்கள் எல்லாரும் அதோனிஸின் மெழுகு உருவத்தைக் கடலில் விட ஊர்வலமாகப் போவார்கள். கல்லறைப் பக்கம் ஆள் இருக்காது. ஊர்வலம் கிளம்புமுன் தகட்டைக் கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டு வந்து கொடுத்தால், அவனே குழியில் போட்டுவிடுவதாக ஏற்பாடு.

தாயின் பெயர் மட்டும் குறைந்தது. தாய் தெரியாதவனுக்கு 'எந்த வயிறு பெற்றதோ' என்று எழுதலாம். ஆனால் அது பலமற்ற எழுத்து, வாசல் தெரியாத வீட்டுக்கு ஆள் அனுப்புவது மாதிரி. ஒனாசிலா எழுத்தாணியைத் துடைத்து வைத்துவிட்டுச் சாயக்காரத் தெருவுக்கு நடந்தாள்.

கம்பளிக் கொட்டடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். சாயம் படிந்த கைகள், துறைமுகச் சுமைகாரன் ஒருவன், மூலையில் தீமோ. இவளைப் பார்த்ததும் தீமோவின் முகம் மலர்ந்தது. தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். அந்த மலர்ச்சியைப் பார்த்ததில் ஒனாசிலாவுக்கு ஒரு நிமிஷம் வந்த வேலை மறந்துபோயிற்று. மறுநிமிஷம் தீமோ திரும்பி, "அக்கா, இவதான் நான் சொன்னவ," என்றாள். வந்த வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மார்த்தானா குள்ளமாக, முன்பல் ஒன்று இல்லாமல், மடி நிறையக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தாள். இவளிடம் எதைக் கண்டாள் தீமோ? ஒனாசிலா தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் சிரியாவில் சொந்தம் உண்டு, நீங்கள் யார் மகள் என்று தெரிந்தால் விசாரிக்கலாம் என்று ஆரம்பித்தாள்.

"எங்கம்மா பேரு யோவன்னா," என்றாள் மார்த்தானா. கம்பளியிலிருந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். "தகட்டுக்குத்தான கேக்கற? தலமயிரும் வேணுமே. எடுத்துக்கோ. எப்படியும் கொட்டிட்டுத்தான் இருக்கு."

சுமைகாரன் சிரித்தான். மார்த்தானா சீப்பிலிருந்து ஒரு சுருள் நரைமயிரை எடுத்து நீட்டினாள். அதில் கேலி இல்லை என்பதுதான் ஒனாசிலாவை எரித்தது. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மயிரை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகும் போகவில்லை. தொழில் சம்பந்தமான ஒரு சந்தேகம் அவளை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது.

"உங்க ஆளு சிலுவைல செத்தாரே. சின்ன வயசு வேற. அவர் குழி எங்க இருக்கு?"

அவள் கணக்கு சுலபமானது. அகாலத்தில், அநியாயமாக, ஊரறியக் கொல்லப்பட்டவன். அப்படிப்பட்ட ஒருவனின் குழி கையிலிருந்தால் எந்தத் தகடும் பலிக்கும். இந்தப் பெண்ணின் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் சரக்கு அதுதான். அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

"எருசலேம்ல இருக்கு. ஆனா காலி."

"காலின்னா? யாரு எடுத்தாங்க?"

"இதை மொதல்லயே நெறைய பேரு கேட்டாச்சு கண்ணு," என்றாள் மார்த்தானா. "யாரும் எடுக்கல. எழுந்துட்டாரு. யாரும் ஏவி அனுப்பற பேயி இல்ல அவரு. நாங்க யாரையும் எங்கயும் அனுப்பறதில்ல. அவருதான் எங்களை அனுப்பறாரு."

ஒனாசிலாவுக்கு இது புரியவில்லை. குழியை வேறு யாரோ கைப்பற்றிவிட்டார்கள், இவர்களுக்கே தெரியாது, அல்லது தெரிந்தும் மறைக்கிறார்கள். கிளம்பத் திரும்பினாள். அதற்குள் அவர்கள் ரொட்டியைப் பிட்டு வைத்து ஜெபிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரும் யாருக்காக வேண்டுகிறார்களோ அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னார்கள். தீமோவின் முறை வந்தது.

"சுரங்கத்துல செத்துப்போன எங்கம்மா பிலாவை நினைச்சுக்கோ ஆண்டவரே," என்றாள் தீமோ, எல்லார் காதிலும் விழும்படி.

ஒனாசிலா வாசலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெயரை தீமோ தன்னிடம் சொன்ன நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காய்ச்சலில் படுத்திருந்தாள். செத்துப்போனால் கல்லில் எழுத வேண்டுமே என்று இவள் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஒனாசிலா அதைக் கனவில்கூட உச்சரித்ததில்லை. பட்டறையில் வேறு எது தன்னுடையது? கல் வாடகை, வீடு வாடகை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. இன்று ஒரு சுமைகாரனும் கம்பளிக்காரியும் அதைக் கேட்டு, ஆமென் என்று சொல்லி, ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்கள்.

பட்டறைக்கு வந்ததும் எழுத்தாணியை எடுத்தாள். காலி இடத்தில் யோவன்னா என்று எழுதினாள். அதன் கீழே தகட்டின் மெலிந்த பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது. எர்மியாஸ் முந்தின நாளே நயமாக ஒன்று சொல்லிப் போயிருந்தான். தீமோவுக்கு நம் பட்டறை விஷயம் எல்லாம் தெரியும், அவள் வாயும் கட்டியிருந்தால் உனக்கு நல்லது என்று. அப்போது ஒனாசிலா அவனை முறைத்தாள். இப்போது கை தானாக நகர்ந்தது. பிலா பெற்ற தீமோவின் நாக்கைக் கட்டு. எழுத்து ஆழமாக, பிசிறில்லாமல் விழுந்தது. அவள் எழுதியதிலேயே அழகான வரி அதுவாக இருந்தது. நரைமயிரை உள்ளே வைத்துச் சுருட்டினாள். ஆணியை வைத்து ஒரே அடியில் இறக்கினாள்.

திருநாளின் கடைசி நாள் காலையில் சந்தை பெண்களால் நிறைந்திருந்தது. அவிழ்த்துவிட்ட கூந்தல், தலையில் சட்டிகளில் அதோனிஸுக்காக முளைக்கவைத்து வாடிய கீரை நாற்று, மார்பில் அடித்துச் சிவந்த தோல். ஒனாசிலா ரொட்டிக்குக் கீழே தகட்டை வைத்த கூடையோடு நீரூற்றுப் பக்கம் ஒதுங்கி நின்றாள். எர்மியாஸ் படியில் நின்றிருந்தான். அவன் கூடையைப் பார்த்தான், பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பினான்.

மார்த்தானா குடத்தோடு தண்ணீருக்கு வந்தாள். கூடவே தீமோ.

எர்மியாஸ் கண்ணைச் செருகி, கையை உயர்த்தி, இன்று பொழுது சாயுமுன் இவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் என்று முழங்கினான். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மார்த்தானா குடத்தை நிரப்பி முடித்தாள். பிறகு அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"என் நாக்கைக் குடுத்தவரு எடுத்துக்கட்டும்பா. நான் கேக்கறது வேற. இந்த ஜனங்க பயத்தை அவங்களுக்கே வித்துப் பொழைக்கறியே, ராத்திரி தூக்கம் வருதா உனக்கு?"

யாரோ சிரித்தார்கள். எர்மியாஸின் குரல் உயர்ந்தது. தனக்கு ஆவி சொல்கிறது, இல்லாவிட்டால் இந்த ஊர்க் குடும்பங்களின் ரகசியம் தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். கூட்டம் முணுமுணுத்து ஒத்துக்கொண்டது.

தீமோ முன்னால் வந்தாள்.

"ஆவி சொல்லல. தகட்டுப் பட்டறைல இருந்து சேதி போச்சு. நீங்க எழுதக் குடுத்ததுதான் உங்களுக்கே வாக்கா வந்துச்சு. அந்தப் பட்டறைல ஈயம் ஊத்தினவ நான். தெரிஞ்சும் வாயத் தெறக்காம கூலி வாங்கித் தின்னேன். மன்னிச்சிடுங்க."

கொழுந்தனைச் சந்தேகித்த பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அந்த வாக்கால் அவள் வீடு இரண்டாகிப் போயிருந்தது. "யாருடி போய்ச் சொன்னது?" என்று தீமோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என் பேரைச் சொல்லிட்டேன். வேற யாரு பேரும் என் வாயால வராது."

எர்மியாஸ் இளகிய குரலில் பேசினான். பார்த்தீர்களா, பேர் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வேலையை விட்டுப் போனவள் வன்மத்தில் பேசுகிறாள். ஒனாசிலா இங்கேதான் நிற்கிறாள், இன்றைக்கும் அந்தப் பட்டறையில் உட்காருகிறவள், அவளையே கேளுங்கள் என்றான். அவனுக்கு அவள் மேல் அத்தனை நம்பிக்கை. அவள் கூடையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் அல்லவா.

எல்லாக் கண்களும் திரும்பின. ஒனாசிலா தீமோவை மட்டும் பார்த்தாள். தீமோ இவளைப் பார்க்கவில்லை. இவளைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே தரையைப் பார்த்துக்கொண்டு, வசவையும் உலுக்கலையும் தனியாக வாங்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மார்த்தானா வந்து, குடத்தை இறக்கி வைத்து, அவள் முதுகில் கை வைத்தாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் ஒனாசிலாவுக்கு நெஞ்சு காந்தியது. தீமோ தாயின் பெயரை எல்லாருக்கும் கொடுத்தாள். ரொட்டியைக் கொடுத்தாள். இப்போது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாவத்தையும் தனியாக எடுத்துக்கொண்டு போய், இந்தக் கம்பளிக்காரியின் பக்கத்தில் நின்று சுமக்கிறாள். அதில்கூட இவளுக்கு ஒரு ஓரம் வைக்கவில்லை. எதிலிருந்து வேண்டுமானாலும் விலக்கலாம். பட்டறையிலிருந்து விலக்க முடியுமா?

"அவளுக்கு என்ன தெரியும்," என்றாள் ஒனாசிலா. குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "அவ ஈயந்தான் ஊத்தினா. இந்த ஆளுகிட்டப் போய்ச் சொன்னது நான். ஒவ்வொரு தடவையும் நான்தான். அவ வேண்டாம்டின்னு சொல்லுவா, நான்தான் கேக்கல."

கொழுந்தனைச் சந்தேகித்தவளின் கை தீமோவின் தோளிலிருந்து நழுவியது. எர்மியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முன்வரிசையில் நின்ற பெண் தலைச்சட்டியை அவன் காலடியில் போட்டு உடைத்தாள். அதற்குப் பிறகு அவன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. லினன் ஆடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீரூற்றுக்குப் பின்புறமாக இறங்கிப் போனான். இரண்டொருவர் அவனைத் தொடர்ந்து போனார்கள். மற்றவர்கள் ஒனாசிலாவைச் சுற்றி நெருங்கினார்கள். ஒருத்தி அவள் மேல் காறித் துப்பினாள். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. தீமோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றாள்.

"ஏன்டி சொன்ன? நான்தான் பாத்துக்கிட்டேனே."

"அதான். நீ ஒருத்தியே பாத்துப்பியா?" என்றாள் ஒனாசிலா. "மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காத. உங்க அக்காவை எனக்கு இன்னிக்கும் புடிக்கல."

"புடிக்க வேணாம்," என்றாள் மார்த்தானா பின்னாலிருந்து.

ஒனாசிலா கூடையில் கையை விட்டு, ரொட்டியைத் தள்ளி, சுருட்டி ஆணி அறைந்த தகட்டை எடுத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அதைக் கண்டதும் பின்வாங்கினார்கள்.

"இதுல யாரு பேரு?" என்று தீமோ கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"மேல அவ பேரு. கீழ உன் பேரு." ஒனாசிலா கட்டைவிரலால் ஆணியின் தலையைத் தடவினாள். "உங்கம்மா பேரும்."

தீமோவின் முகம் வெளுத்தது. ஆனாலும் கையை நீட்டினாள். ஒனாசிலா குழிக்குப் போகாத தகட்டை, ஈயம் உருக்கித் தேர்ந்த அந்தக் கையில் வைத்தாள்.